கால்கூடு

பல் உடைகிற சத்தம் எனக்குப் புதிதல்ல. பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். என் முன்பற்களில் இரண்டு கட்டிய பற்கள். ஆனால் தர்ஷிகாவின் தாடை உடைந்தபோது, யாரோ மைதானத்தில் சிதறுகாய் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை எல்லைக்கோட்டுக்கு வெளியே மல்லாந்து கிடக்கிறாள். வாய் இருந்த இடத்தில் ரத்தமும் மண்ணும். அவளை உதைத்த கால் இன்னும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கால் அங்கையற்கண்ணியுடையது. பிறந்ததிலிருந்து தானாக அசையாத கால்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். என் பெயர் பாண்டீஸ்வரி. உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கோபக்காரி என்று ஊருக்குள் பெயர். பொய்யில்லை. அங்கையற்கண்ணி பத்தாம் வகுப்பு, எல்லோருக்கும் அங்கை. முதுகுத்தண்டில் பிறவிக் கோளாறு, இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து என் பீரியடில் அவளுக்கு ஒரே வேலைதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் வாட்டர் பாட்டிலுக்கும் செருப்புக்கும் காவல் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவிகளையும் உடற்கல்வியில் பங்கேற்கச் செய்யுங்கள் என்று வருடம் தவறாமல் சுற்றறிக்கை வரும். நான் அவள் கையில் ஒரு விசிலைக் கொடுப்பேன். அவள் ஊதுவாள். பங்கேற்றாயிற்று. எல்லாப் பள்ளியிலும் இந்தக் கூத்துதான் நடந்தது.

அப்புறம்தான் அரசுத் திட்டம் ஒன்றில் கால்கூடு வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று செய்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை கறுப்பாக ஒரு கூடு, முதுகில் ஒரு பட்டை, நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. மாட்டிவிட வந்தவன் அஷ்ரப் என்று ஓர் இளம் பொறியாளன். வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் மூடமாட்டான்.

"நடன்னு மூளை சொல்றது முதுகு வரைக்கும் வந்துருதுங்க மேடம். அதுக்குக் கீழதான் ரோடு கட்டாயிருக்குதுங்க. இந்தப் பட்டை அந்த எடத்துலயே நின்னு செய்தியைக் கேட்டு, கூட்டுக்குச் சொல்லீருமுங்க."

"தப்பாக் கேட்டுட்டா?"

"அதெல்லாம் கேக்காதுங்க."

"பிள்ளை கீழ விழுந்து கிழுந்து தொலைச்சா?"

"பாதுகாப்பெல்லாம் உள்ளயே வச்சிருக்கோமுங்க. நீங்க கவலையே படாதீங்க."

நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி அங்கை எழுந்தாள். அவள் அம்மா பூங்கொடி பூக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். அங்கை அழவில்லை. தள்ளாடித் தள்ளாடிப் பத்தடி நடந்தாள். சுவர் ஓரமாக அடுக்கியிருந்த வாட்டர் பாட்டில் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். விட்டாள் பாருங்கள் ஓர் எத்து! பாட்டில்கள் பறந்து போய்த் தலைமையாசிரியை அறை ஜன்னலில் விழுந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நிமிடமே இவள் என் டீமில் ஆடுவாள் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

முடிவு பண்ண நான் யார்? திட்டத்தில் விதியே அதுதான். ஒவ்வொரு பள்ளி அணியிலும் கால்கூடு போட்ட ஒரு மாணவி கட்டாயம் களத்தில் இருக்க வேண்டும். ஒருத்தி உள்ளே வந்தால் ஒருத்தி வெளியே போகத்தானே வேண்டும்? வெளியே போனவள் சங்கீதா. எங்கள் கேப்டன் தர்ஷிகாவின் ஜோடி.

கபடி தெரியாதவர்களுக்கு இந்த ஜோடி விவகாரம் புரியாது. பிடிக்கிற பக்கத்தில் மூலையில் நிற்பவளும் அவளுக்கு அடுத்து நிற்பவளும் கையைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக நிற்பார்கள். பாடி வருகிறவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருத்தியின் கை இழுப்பிலேயே மற்றவளுக்குத் தெரிந்துவிடும். தர்ஷிகாவும் சங்கீதாவும் ஆறாம் வகுப்பிலிருந்து கோத்த கை.

"மிஸ், சங்கீதா கையப் பிடிச்சுத்தான் நான் ஆடவே கத்துக்கிட்டேன். அவளத் தூக்கி வெளிய போட்டுட்டு இந்த இரும்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"இரும்பில்லடி, அவளும் பிள்ளைதான்."

"அப்ப பிள்ளைய ஆடுற மாதிரியே ஆடலாம்ல?"

"தாராளமா ஆடு. சலுகை கிலுகை ஒண்ணும் வேணாம்."

ஆடினாள். தர்ஷிகா இடது மூலைக்காரி; கணுக்காலைப் பிடித்தால் முதலை பிடித்த மாதிரி. பயிற்சியில் அங்கை பாடி வரும்போதெல்லாம் கூட்டின் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்து, விழுந்தவளின் முகத்தை மண்ணில் வைத்துத் தேய்த்தாள். ஒரு நாள் மூக்கு உடைந்தது. ஒரு நாள் புருவம் கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டோம். கூட்டின் முட்டியில் ஒருநாள் மணலை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். யாரென்று கேட்டால் டீமே வானத்தைப் பார்த்தது. அங்கை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ பாடிப் போறேன் மிஸ்" என்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அடி வாங்குகிறாள், எழுந்திருக்கிறாள், இதைவிட ஒரு பி.டி. டீச்சருக்கு என்ன வேண்டும்?

அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். மூச்சு. பாடிப் போகிறவள் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்வரை 'கபடி கபடி' என்று விடாமல் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சை உள்ளே இழுத்தால் அவுட். ஓரத்தில் உட்கார்ந்து பழகும்போது அங்கையின் மூச்சு முடிவே இல்லாமல் போகும். சர்ச் மணி அடித்து ஓயும்வரை பாடுவாள். களத்தில் மட்டும் யாராவது காலைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் 'ஹா' என்று வாயைத் திறந்து காற்றை இழுத்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

"இன்னும் மூச்சு இருக்குல்லடி! எதுக்கு விட்ட?"

"முடியல மிஸ்."

"பொய் சொன்ன, பிச்சுருவேன்."

அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் மாலை. டீமை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டேன். அங்கை ஒரு பக்கம், தர்ஷிகாவும் சங்கீதாவும் எதிர்ப்பக்கம். இரண்டு பேரும் பழையபடி கை கோத்து நின்றார்கள். அங்கை பாடி வந்தாள். தர்ஷிகா பாய்ந்து இடது காலைப் பிடித்தாள், சங்கீதா வலது காலை, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

"விட்றாதடி மூச்ச!" என்று நான் கத்தினேன்.

அவள் விடவில்லை. குவியலுக்கு அடியிலிருந்து 'கபடி கபடி' வந்துகொண்டே இருந்தது. குரல் கம்மி, கிசுகிசுப்பாகி, பிறகும் நிற்காமல் வந்தது. அவள் முகம் நீலம் பாய்ந்திருந்தது. கண் மட்டும் தர்ஷிகாவின் மேல் இருந்தது. விசிலை வாயருகே கொண்டுபோனேன்.

அப்போதுதான் கூடு உதைத்தது. மனிதக் கால் உதைக்கிற உதை இல்லை அது. முதல் உதையில் சங்கீதாவின் மணிக்கட்டு முறிந்து கை தொங்கியது. மேலே கிடந்தவர்கள் மூட்டை மாதிரி சிதறினார்கள். இரண்டாவது உதை தர்ஷிகாவின் நெஞ்சில். அவள் விலகி எழ முயன்றபோது மூன்றாவது உதை தாடையில். ஓடிப் போய்ப் பிடித்த எனக்குத் தோளில் ஒன்று விழுந்தது. அந்தக் கை இன்றுவரை முழுதாக மேலே போகாது. பிறகு அங்கை வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். கூடு அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளைகள் அலறிய அலறலில் தெருவே மைதானத்துக்கு வந்தது. தர்ஷிகாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். போகும்போது திரும்பிப் பார்த்தேன். அங்கை நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், அவ பல்லு ரெண்டு இங்க கெடக்கு" என்றாள். "எடுத்துட்டுப் போங்க. ஒட்ட வச்சாலும் வைப்பாங்க."

மறுநாள் போட்டிக்கு நாங்கள் போகவில்லை. காலை பிரேயர் முடிவதற்குள் தர்ஷிகாவின் தாய்மாமன் வெள்ளைச்சாமி நாலு ஆட்களோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். கையில் கடப்பாரை.

"எவடி அந்த மிசினு? என் தங்கச்சி மகளக் குழம்பு குடிக்கவும் வழியில்லாமப் பண்ணிப்புட்டு இங்க பாட்டுப் பாடிக்கிட்டு நிக்கிறீங்களா?"

தலைமையாசிரியை லூர்து மேரி மைக்கிலேயே "போலீஸக் கூப்பிடுங்க! போலீஸக் கூப்பிடுங்க!" என்று கத்தினார். அவன் ஆட்கள் வரிசைக்குள் புகுந்து கூட்டோடு நின்றிருந்த அங்கையின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். ஒருத்தன் கையைக் கடித்தேன். நிஜமாகவே கடித்தேன், அவன் சதை என் பல்லில் நின்றது. எவனோ நெற்றியில் ஒரு போடு போட்டான். ரத்தம் கண்ணை மறைத்தது. அவர்கள் அவளைக் குப்புறத் தள்ளிக் கடப்பாரையைக் கூட்டுக்கும் தொடைக்கும் நடுவில் சொருகி நெம்பினார்கள். தொடைத் தோல் உரிந்தது. அவளுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. தன் ரத்தத்தைத் தானே வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஒன்றை நான் கவனித்தேன். அவள் வாயை அகலமாகத் திறந்து 'ஹா… ஹா…' என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிரசவ வலிக்காரி மாதிரி. பயம் என்று நினைத்துக்கொண்டேன். கூடு செத்த பாம்பாகக் கிடந்தது.

வெள்ளைச்சாமி கடப்பாரையை மறுபடி ஓங்கினான். என் பிள்ளைகள் அதுவரை மரம் மாதிரி நின்றார்கள். யார் முதலில் பாய்ந்ததென்று தெரியாது. கையில் மாவுக்கட்டோடு சங்கீதாவும் அதில் இருந்தாள் என்பது மட்டும் தெரியும். இரண்டு பேர் அவன் கணுக்காலைப் பிடித்தார்கள், ஒருத்தி இடுப்பை, ஒருத்தி முதுகை. நான் சொல்லிக் கொடுத்த பிடி. மடேரென்று சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தான். மற்ற பிள்ளைகள் டிபன் பாக்ஸாலும் ஜாமெட்ரி பாக்ஸாலும் அவன் ஆட்களைச் சாத்தினார்கள். போலீஸ் வந்தபோது காப்பாற்ற வேண்டியிருந்தது அந்த ஆண்பிள்ளைகளைத்தான்.

கூட்டைக் கழற்றிச் சாக்கில் கட்டி சீல் வைத்துக் கொண்டு போனார்கள். அங்கை பழைய சக்கர நாற்காலிக்குத் திரும்பினாள்.

தர்ஷிகா உட்காரத் தேறியபிறகு விசாரணை. லூர்து மேரி அறையில் நடந்தது. சென்னையிலிருந்து திலகவதி என்று ஓர் அதிகாரி வந்திருந்தார். மென்மையான பேச்சு, யாரையும் அதட்டாத குரல். அங்கையும் அவள் அம்மாவும் ஒரு பக்கம். தர்ஷிகாவும் மாமனும் எதிர்ப்பக்கம். அவள் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். மாமன் மூக்கில் பிளாஸ்திரி. அஷ்ரப் கழுத்தில் வியர்வை வழிய நின்றான்.

"கூடு ஏன் அப்படி உதைச்சது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் திலகவதி.

"நெஞ்சுப் பட்டை மூச்சைக் கவனிச்சுட்டே இருக்குமுங்க. கெணத்துல விழுந்துட்டா, இல்ல மேல எதாச்சும் சரிஞ்சு அமுக்கிட்டா, மூச்சு உள்ள போகாது இல்லீங்களா? மூச்சும் உள்ள போகல, காலையும் எதோ இறுக்கிப் பிடிச்சிருக்குன்னா, உயிருக்கு ஆபத்துன்னு கூடு எடுத்துக்கும். இருக்கிற பலம் பூராத்தையும் போட்டுக் காலை உதறும். மூச்சு உள்ள போற வரைக்கும் நிக்காதுங்க."

நான் எழுந்து அவன் முன்னால் போய் நின்றேன். "ஏய்யா, கபடின்னா என்னான்னு தெரியுமாய்யா ஒனக்கு? மூச்ச இழுக்காமப் பாடுறதும் காலப் பிடிக்கிறதும்தான்யா அந்த ஆட்டமே!"

"ஃபுட்பால்ல சோதிச்சமுங்க, பேட்மின்டன்ல சோதிச்சமுங்க…" அவன் குரல் உடைந்தது. "கபடிய யாருமே நெனைக்கலீங்க மேடம். வெளிநாட்டு அளவுகள அப்படியே எடுத்து வச்சுட்டமுங்க. அந்த அளவை மாத்த ஒரு வாரம் போதுங்க."

திலகவதி கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் எதையெதை நினைக்காம விட்டிருக்கீங்களோ, யார் கண்டது? வேண்டாம். மாநிலம் முழுக்க கூடு போட்ட பிள்ளைங்க இனிமே ஆட்டத்துல இறங்க வேண்டாம். கூட்டைத் திருப்பி வாங்கிடுவோம். பழையபடி ஓரமா இருக்கட்டும், ஸ்கோர் எழுதட்டும், விசில் ஊதட்டும். அணிவகுப்புல கொடி பிடிக்கட்டும்." பிறகு அங்கையின் பக்கம் திரும்பிக் கனிவாகச் சிரித்தார். "உன் மேல தப்பே இல்லம்மா. பாவம், நீ என்ன பண்ணுவ?"

பூங்கொடி அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் நெஞ்சில் பாரம் இறங்கியது. பிள்ளை தப்பித்தாள். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

"மேடம்" என்றாள் அங்கை. "எனக்குத் தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"மூச்ச இழுக்காம இருந்தா அது உதைக்கும்னு. முன்னாடியே தெரியும். மொதல்ல ஆடுறப்பவே, மூச்சு முடியப் போற நேரத்துல கூடு திமிரும். என்னடா இதுன்னு எங்க வீட்டுக் கொட்டத்துல மாட்டுக் கயித்தக் கால்ல கட்டி, கல்தூணுல மாட்டி, மூச்சப் பிடிச்சுப் பாத்தேன். கயிறு அந்துபோச்சு."

"ஏய், கிறுக்கி!" பூங்கொடி அவள் வாயைப் பொத்தினாள். "பொய்யும்மா. கயிறெல்லாம் ஒண்ணும் அறல. புள்ள மெரண்டு போயி ஒளறுது."

அங்கை அம்மாவின் கையை விலக்கினாள். "அதுக்கப்பறம் யாரு காலப் பிடிச்சாலும் சீக்கிரமா மூச்ச இழுத்துருவேன். அடிபட்டுருமேன்னு. மிஸ்கிட்டத் திட்டு வாங்குவேன். ஆனா அன்னைக்கி இழுக்கல."

"ஏன்?"

"முந்தின வாரம் சனிக்கெழம பிராக்டீஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் இந்தத் தர்ஷிகா என் கூட்டக் கழட்டி கிரவுண்டுக்கு நடுவுல என்னையப் போட்டுட்டுப் போயிட்டா. கூட்டத் தூக்கி பாத்ரூம்ல வச்சுட்டா. உச்சி வெயிலு. ஊந்துக்கிட்டே வந்தேன். முழங்கை பூராத் தோலு போயிருச்சு. பாவாடையெல்லாம் நனஞ்சுபோச்சு. பாத்ரூம் வாசல்ல நின்னு சிரிச்சா." அவள் மூச்சு வாங்கினாள். "அதான். பல்ல ஒடைக்கணும்னு இருந்துச்சு. ஒடச்சேன்."

திலகவதி எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க இந்தக் குழந்தைக்கு. மத்த பிள்ளைங்க கூட்டைக் கழட்டக் கூடாதுன்னு பழியைத் தன் மேல இழுத்துப் போட்டுக்குது."

அங்கையின் முகம் சிவந்துவிட்டது. "இழுத்துப் போடல மேடம்! மிசினு மேல தப்புன்னா எல்லாப் புள்ளைக கூட்டையும் கழட்டுவீங்க. என் மேல தப்புன்னா என்னுத மட்டும் கழட்டுவீங்க. அதுவும் தெரிஞ்சுதான் பேசுறேன். ஆனா பொய் பேசல. நாந்தான் ஒதச்சேன்."

"சரிம்மா, சரி. அழாத."

"நான் அழல!"

வெள்ளைச்சாமிகூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. அன்று கடப்பாரையோடு வந்தவன், "விடுங்கம்மா, நொண்டிப் புள்ள, அது என்னத்தக் கண்டுச்சு" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தைக்கு அவன் கடப்பாரையே தேவலை.

தர்ஷிகா மேசையைத் தட்டினாள். கம்பி போட்ட பல்லுக்கு நடுவிலிருந்து சொற்கள் எச்சிலோடு வழிந்தன.

"அவதான். என் கண்ணப் பாத்துக்கிட்டே பாடுனா. மொத ஒதையில மூச்ச இழுத்திருக்கலாம். இழுக்கல." நிறுத்தி வலியில் கண்ணை மூடினாள். "கூட்டக் கழட்டுனதும் நாந்தான்."

"ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க" என்றார் திலகவதி. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க மைதானத்துல நின்ன ஆள். பொறுப்பான ஆள். நீங்களே சொல்லுங்க. இந்தப் பிள்ளைக்கு முன்னாடியே தெரியுமா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இங்கயே முடிச்சுக்கலாம். தெரியும்னு சொன்னா நான் போலீஸுக்கு விடணும். சிறார் இல்லத்துக்கு அனுப்புவாங்க. கூடு இனிமே அவளுக்குக் கிடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

பூங்கொடி என் காலைத் தொட்டாள். "டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அங்கை ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பார்த்தாள், பாடிப் போகிறவள் பிடிக்க வருகிறவளைப் பார்க்கிற பார்வை. அத்தனை பயிற்சி நாட்களும் என் கண்முன் வந்தன. ஓரத்தில் முடிவில்லாமல் பாடுகிறவள், காலைப் பிடித்ததும் 'ஹா' என்று வாயைத் திறந்தது. நான் திட்டத் திட்ட அவள் தலையைக் குனிந்தது. கடப்பாரைக்காரன் சதையை நெம்பும்போதுகூட அவன் செத்துவிடக் கூடாதென்று இழுத்து இழுத்து மூச்சு விட்டது. இத்தனை நாள் எத்தனை பேர் எலும்பை இவள் காப்பாற்றியிருக்கிறாள்! அதைச் சொன்னால் இதையும் சொல்லத்தான் வேண்டும். தெரியாது என்று சொன்னால் இவள் செய்த நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வாட்டர் பாட்டில் பக்கத்தில் மறுபடி ஒரு பாவம் உட்கார்ந்திருக்கும். இவளோடு சேர்த்து மாநிலம் முழுக்க எத்தனையோ பாவங்கள்.

கடவுளே, எனக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று இருந்தது.

"தெரியும்" என்றேன். "நல்லாத் தெரியும். மூச்ச எப்ப இழுக்கணும்னு அவளத் தவிர எவளுக்கும் அவ்வளவு சுத்தமாத் தெரியாது. தெரிஞ்சேதான் ஒதச்சா."

திலகவதி என்னை அருவருப்பாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

அளவை மாற்றச் சொல்லி அஷ்ரப்புக்கு ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள். கூடுகள் பள்ளிகளிலேயே இருந்தன. அதெல்லாம் பிறகு வந்த செய்தி. அன்று சாயங்காலம் நடந்தது இதுதான். பெண் போலீஸ் இரண்டு பேர் அங்கையை நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். பூங்கொடி செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்து என் கன்னத்தில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். நான் தடுக்கவில்லை. நெற்றித் தையல் பிரிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது.

"எம் புள்ளையக் காட்டிக் குடுத்துட்டியேடி பாவி! ஒனக்கு ஒரு புள்ள இருந்தா இப்படிச் சொல்லுவியா? நாசமாப் போயிருவடி!"

"எம்மா, விடும்மா" என்று வேனுக்குள்ளிருந்து அங்கை கத்தினாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "மிஸ அடிக்காத. அங்க இருந்த பெரியவங்கள்ல அவங்க ஒருத்தங்கதாம்மா என்னைய நம்புனாங்க."